கடைசி அளவு மட்டும்

பிப்ரவரி 3

சிட்டு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். எழுதினால் கொஞ்சம் யோசித்துக் கத்தலாம். அதனால்தான் கடிதம்.

நேற்று எங்கள் வாரியத்து மாடியில் புதுக் கணினித் திட்டத்தின் முதல் கூட்டம் நடந்ததாம். அதை உன் நிறுவனம் செய்யப்போகிறது, நீதான் அதற்குத் தலைவி என்பதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? மாடிக்கு டீ கொண்டுபோனவர். "உங்க வீட்டுக்காரர் ஜாடையிலயே ஒரு பொண்ணு வந்து பேசிச்சும்மா. அப்பா, என்ன வேகம்!" என்றார். என் தலைக்கு மேலே உட்கார்ந்து, என் பொறுப்பில் இருக்கும் பதிவுகளை என்ன செய்வது என்று என் கணவரின் தங்கை பேசியிருக்கிறாள். பேசிவிட்டு ரயிலேறி ஊருக்கும் போய்விட்டாள். கீழே ஆவணப் பிரிவின் மேலாளர் என்று பலகை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வராமல் போனாய் என்று உன் அண்ணனுக்கு வருத்தம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. நீ ரெக்கார்டு ரூமுக்கு வராமல் போனதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் வாரியம் என்ன செய்கிறது என்று உனக்கு மாடியில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஆபத்தான தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களை ஆண்டுக்கு இரண்டு முறை வரவழைத்து ரத்தம், மூச்சு, காது எல்லாம் சோதிக்கிறோம். ஆளுக்கு ஓர் அட்டை. ஒவ்வொரு முறை சோதித்ததும் அதில் ஒரு வரி. அந்த அட்டை எத்தனை வருஷம் இருக்க வேண்டும், யார் தொடலாம், தவறாக எழுதிவிட்டால் எப்படித் திருத்த வேண்டும், எப்போது அழிக்கலாம், இதெல்லாம் என் வேலை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் நீங்கள் எதன் மேல் மென்பொருள் கட்டப்போகிறீர்கள்? சுவர் எழுப்பி, வர்ணமடித்து, கதவுக்குப் பூட்டும் போட்ட பிறகு என்னைக் கூப்பிட்டு, "எங்கே ஜன்னல் வைக்கலாம்?" என்று கேட்பீர்களா?

பதில் எழுது. சாக்குச் சொல்லாதே.

அண்ணி

—

பிப்ரவரி 11

அண்ணி,

வீட்டுக்கு வராதது என் தப்பு. அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். மற்றது எதுவும் என் தப்பில்லை.

கூட்டத்துக்கு யார் யாரை அழைக்க வேண்டும் என்று நான் அனுப்பிய பட்டியலில் நீங்கள் இருந்தீர்கள். உங்கள் பெயர் போடவில்லை, பதவியைத்தான் போட்டேன். பெயர் போட்டால் சொந்தக்காரிக்குச் சலுகை என்பார்கள். அதை அடித்தது உங்கள் இயக்குநர். என் எதிரிலேயே பேனாவை எடுத்து அடித்தார். "அந்தம்மா வந்தா முதல் கூட்டமே கடைசிக் கூட்டம் ஆயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "டெஸ்டிங் நேரத்துல கூப்பிட்டுக்கலாம், பட்டனெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கட்டும்" என்றார். சரி என்றேன். அவர் வாடிக்கையாளர். முதல் நாளே அவரோடு மல்லுக்கு நின்றால் இரண்டாம் நாள் எனக்கு அங்கே வேலை இருக்காது.

கீழே வந்து உங்களைப் பார்த்திருக்கலாம். பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். அதைக் கேட்டுவிட்டு ரயிலில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை.

வேகமாகப் பேசுகிறேன் என்று டீக்காரர் சொன்னாரா? அவருக்கு நன்றி சொல்லுங்கள். அங்கே என்னைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான் போல.

சிட்டு

—

பிப்ரவரி 18

சிட்டு,

நீ சிரிக்கவில்லை என்பதற்கு நான் பூச்செண்டு அனுப்ப வேண்டுமா?

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இதற்கு மட்டும் பதில் சொல். ஒரு தொழிலாளி ஜனவரியில் வருகிறார். ரத்தத்தில் எவ்வளவு காரீயம் இருக்கிறது என்று பார்க்கிறோம். எண்ணைக் கணினியில் போடுகிறோம். அதே ஆள் ஜூலையில் திரும்ப வருகிறார். புது எண் வருகிறது. அது எங்கே போய் உட்காரும்? பழைய எண்ணுக்கு அடியிலா, பழைய எண்ணின் தலையிலேயா?

அட்டையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அடுத்த வரியில்தான் எழுத முடியும். கணினியில் அந்த வரியை யாராவது யோசித்து வைத்தால்தான் உண்டு. யோசித்தீர்களா?

இயக்குநருக்கு நான் கொடுத்த குறிப்பின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அவர் படிக்கவில்லை என்று தெரியும். நீயாவது படி.

அண்ணி

—

மார்ச் 25

அண்ணி,

தலையிலேயே.

அவர்கள் கேட்டது "ஒவ்வொரு தொழிலாளியின் இப்போதைய நிலை". திரையில் ஒரு பெயர், ஒரு எண், பக்கத்தில் பச்சையோ சிவப்போ. இயக்குநருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஒரு பார்வையில் எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு என்று தெரிகிறதாம். வடிவமைப்பில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது பழைய அளவுகளையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அடியிலிருந்து பிரிக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. நான் கேட்டுப் பார்த்தேன். நிஜமாகக் கேட்டேன். "தேவைன்னா அடுத்த கட்டத்துல பார்ப்போம்" என்றார்கள். அடுத்த கட்டம் என்று எதுவும் ஒப்பந்தத்தில் கிடையாது.

உங்கள் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது பக்கம், அண்ணி. ஒன்பதாம் பக்கம் வரை வந்தேன். அதில் ஒரு பக்கம் முழுக்க எந்த நிற மையில் திருத்த வேண்டும் என்று இருந்தது. "பழைய அளவை அழிக்காதே" என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் யாராவது படித்திருப்பார்கள். உடைந்து தூக்கிப்போட்ட இஸ்திரிப் பெட்டிக்கு உத்தரவாதச் சீட்டு வைத்திருக்கும் வீடு உங்களுடையது. உங்களுக்கு எல்லாமே முக்கியம். எல்லாமே முக்கியம் என்று சொல்கிறவர் பேச்சில் எது நிஜமாக முக்கியம் என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதோடு, உங்கள் அட்டைகள் இருக்கின்றனவே. பழைய அளவு வேண்டுமென்றால் யாராவது கீழே இறங்கி வந்து பார்க்கட்டும். உலகம் இடிந்துவிடாது.

சிட்டு

—

மே 15

அட்டைகள் இல்லை, சிட்டு.

திங்களும் செவ்வாயும் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வாரியத்தின் இன்னொரு கட்டடத்தில், உன் நிறுவனம் நடத்திய வகுப்பு. மவுஸை எப்படிப் பிடிப்பது, எப்படி இரண்டு தடவை தட்டுவது. உன் ஆள் ஒருவர் மிகவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "பயப்படாதீங்கம்மா, அது கடிக்காது" என்றார். கடித்தது.

புதன்கிழமை காலையில் ரெக்கார்டு ரூமைத் திறந்தால் பினாயில் வாசனை. ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. அலமாரிகள் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்துக் கிடந்தது. நான் அறை மாறி வந்துவிட்டேனோ என்று வெளியே போய்ப் பலகையைப் பார்த்தேன்.

இயக்குநரிடம் ஓடினேன். "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா. இன்னும் அந்தக் குப்பை எதுக்கு? அங்க ட்ரெயினிங் ஹால் வருது, ஏசி போடறோம்" என்றார். என்ன ஏறியது என்று கேட்டேன். பதிவேற்ற வந்த ஆட்களுக்குக் கொடுத்த உத்தரவைக் காட்டினார். "கடைசி அளவு மட்டும் போதும்."

என் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு தாள் வெளியே போகக் கூடாது. "மேலாளர் பயிற்சியில் இருப்பதால்" என்று எழுதி அவரே போட்டிருக்கிறார். பார்த்துக்கொள், என்னை ஏன் வகுப்புக்கு அனுப்பினார்கள் என்று.

ஆட்டோ பிடித்துக் காகித ஆலைக்குப் போனேன். வாசலில் இருந்தவர் பாவம், நல்ல மனுஷர். உள்ளே கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினார். "நேத்தே நனைச்சாச்சும்மா. இப்ப வெறும் கூழு" என்றார். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று சுற்றிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக ஆயிரக்கணக்கான பேரின் ரத்தமும் மூச்சும் அது. நான் அங்கே அழவில்லை. உன்னைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அறையைக் காலி செய்யும் நாள் உங்கள் திட்ட அட்டவணையில் இருக்கிறது. நேற்றுத்தான் பார்த்தேன். பயிற்சி நாளுக்குப் பக்கத்துக் கட்டத்தில். அடியில் உன் கையெழுத்து. உலகம் இடிந்துவிடாது என்று எழுதினாயே. இடிவது சத்தம் போட்டுக்கொண்டுதான் இடியும் என்று நினைத்தாயா?

அண்ணி

—

மே 22

"அறை காலி" என்றுதான் அட்டவணையில் இருந்தது. காலி என்றால் கூழ் என்று நான் எந்த அகராதியில் படிப்பது? கிடங்குக்குப் போகிறது என்று நினைத்தேன். எல்லா அலுவலகத்திலும் கிடங்குக்குத்தான் போகும். உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள் நகராது என்று எங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூடப் பெருமை பேசியவர் நீங்கள். அதைத்தான் நம்பினேன்.

பயிற்சிக்கு யார் யார் வருகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பட்டியல் கொடுத்தது உங்கள் வாரியம். உங்களை வெளியே அனுப்பிவிட்டு லாரி வரவழைக்க நான் சதி செய்தேன் என்று எழுதுகிறீர்கள். நேராக எழுதுங்களேன். கொலைகாரி என்றே எழுதுங்கள். அதற்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் படுத்திருந்தவர் நீங்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் "இவ படிக்கட்டும், இப்ப வேண்டாம்" என்று முதலில் சொன்னவர் நீங்கள். அந்த மனுஷி என்னைப் பற்றி இப்படி நினைக்க முடிகிறது என்றால் எனக்கு இனி எழுத வேண்டாம். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சிட்டு

—

நவம்பர் 9

எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. இதை நாத்தனாருக்கு எழுதவில்லை. அந்த மென்பொருளைக் கட்டியவளுக்கு எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் பாட்டரி தொழிற்சாலையில் காரீயம் உருக்கித் தகடு வார்க்கிறவர். வார்த்தவர் என்று சொல்ல வேண்டும். வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டு கையையும் என் மேஜை மேல் வைத்தார். மணிக்கட்டிலிருந்து கீழே தொங்கின. நனைந்த துணி போல. "தூக்குங்க பார்ப்போம்" என்று மனைவி சொன்னார். அவர் முழங்கையைத் தூக்கினார். கை அப்படியே தொங்கியது. டீ கொடுத்தோம். மனைவிதான் டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தார்.

தொழிற்சாலை என்ன சொல்கிறது தெரியுமா? குடிப்பழக்கமாம். குடித்துக் குடித்து நரம்பு போய்விட்டதாம். தெருவெல்லாம் அப்படித்தான் பேச்சு. அந்த அம்மா கத்தியதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு சொட்டு தொட்டதில்லைங்க. ஊதுபத்தி வாசனைகூட ஆகாது இவருக்கு. எங்க அப்பாவே மருமகனைக் குடிகாரன்னு திட்டறார். ஒவ்வொரு தடவையும் உங்க டாக்டர்தானே 'அதிகமா இருக்கு, அதிகமா இருக்கு'ன்னு சொன்னார்? அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அது போதும். நான் அதை ஒவ்வொரு வீட்டுலயும் போய்க் காட்டிட்டு வர்றேன்."

கணினியைத் திறந்தேன். அவர் பெயர். ஒரே ஓர் எண். பக்கத்தில் பச்சை.

விசாரித்ததில் இதுதான் நடந்திருக்கிறது. கோடையில் சோதனைக்கு முன்னால் அவரை இரண்டு மாதம் உலையிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். அவரை மட்டுமல்ல, ஒரு கூட்டத்தையே. உலையை விட்டு விலகினால் ரத்தத்தில் அளவு இறங்கும். இறங்கிய பிறகு கூட்டிவந்து சோதித்தார்கள். அந்த நல்ல எண் வந்து, அதற்கு முன் பதிவேற்றியிருந்த கெட்ட எண்ணின் தலையில் உட்கார்ந்துகொண்டது. அதற்கும் முந்தியதெல்லாம் ஆலையில் கூழாகிவிட்டது. எலும்பிலும் நரம்பிலும் போய் உட்கார்ந்த காரீயம் மட்டும் எங்கேயும் போகவில்லை.

தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வழக்கு ஜனவரியில் வருகிறது. எங்கள் வாரியம் எழுதிக் கொடுத்திருக்கும் பதில் இது: "எமது பதிவின்படி மேற்படி நபர் ஆரோக்கியமாக உள்ளார்." படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பழைய எண்கள் எங்கேயாவது ஒரு நகலாக மிச்சம் இருக்கின்றனவா? ஆம் அல்லது இல்லை. அது போதும்.

ஆவணப் பிரிவு மேலாளர்

—

நவம்பர் 20

அண்ணி,

இல்லை.

ஒரு வாரம் தேடினேன். தினமும் நகல் எடுக்கிறோம். ஒரு மாதம் ஆனதும் பழைய நகல் தானாக அழிந்துவிடும். ஒரு மாதம் என்று யார் முடிவு செய்தது என்று பார்த்தேன். யாரும் முடிவு செய்யவில்லை. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அந்த இயந்திரம் தானாக எடுத்துக்கொள்ளும் கணக்கு அது. எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய ஆள் அறையில் இல்லை. இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீர்ப்பாயத்துக்கு எங்கள் நிறுவனத்திலிருந்து ஓர் உறுதிமொழி போக வேண்டுமாம். வக்கீல் எழுதி வைத்திருக்கிறார். திட்டத் தலைவி என்பதால் நான் கையெழுத்துப் போட வேண்டும். "கணினியில் ஏற்றப்பட்ட தகவல் எதுவும் அழிக்கப்படவில்லை." இது பொய் என்றேன். வக்கீல் சிரித்தார். "அழிக்கலையேம்மா. மேல புதுசா எழுதினோம். ரெண்டும் வேற வேற." என் மேலதிகாரியும் சிரித்தார். அந்தப் பழைய கூட்டத்துச் சிரிப்பு மாதிரியே இருந்தது. இந்த முறை அடிக்கப்பட்டது யார் பெயர் என்று எனக்கே புரியவில்லை.

ஆனால் உடனே என்னிடம் எதையும் எதிர்பார்த்துவிடாதீர்கள். என் கீழே ஒரு டீமே இருக்கிறது. இந்தத் திட்டத்தில் பெயர் கெட்டால் அவர்கள் எல்லோரும் வெளியே. அதில் ஒருத்தி நிறைமாதம். உங்களுக்கு ஒரு வழக்கு தெரிகிறது. எனக்குப் பத்து முகம் தெரிகிறது.

அவர் கையைப் பற்றி எழுதினீர்களே. அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

சிட்டு

—

நவம்பர் 28

சிட்டு,

எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதியதை மன்னிக்க மாட்டேன். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

உன்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. நானே சாட்சி சொல்லப் போகிறேன், என் வாரியத்துக்கு எதிராக. அந்த அம்மாவின் வக்கீலிடம் பெயர் கொடுத்துவிட்டேன். இயக்குநருக்குத் தெரிந்து கூப்பிட்டனுப்பினார். முதலில் காபி கொடுத்தார். பிறகு என் பணிக்காலத்தைப் புகழ்ந்தார். பிறகு, "குடோன்ல ஒரு இடம் காலியா இருக்கு, பேப்பர், பென்சில் பார்த்துக்கணும், உங்களுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும்" என்றார். "பென்சிலுக்காவது நான் சொல்ற இடத்துல உட்காரத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வெளியே வந்த பிறகு கால் நடுங்கியது. அதையும் உனக்குச் சொல்கிறேன். உன்னைத் தவிர யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்பதுதான் இதில் எனக்கு வரும் பெரிய எரிச்சல்.

நான் சொன்னால் நம்புவார்களா? "அவங்க கம்ப்யூட்டர் தெரியாதவங்க, மவுஸ் பிடிக்கவே நாங்கதான் சொல்லிக்கொடுத்தோம்" என்பார்கள். அந்த வருகைப் பதிவைக்கூடக் காட்டுவார்கள். அது மட்டும் பத்திரமாக இருக்கும். உன் உறுதிமொழி வந்து என் தலையில் உட்காரும், அந்த நல்ல எண் மாதிரி. எதிரெதிரே உட்காருவோம். நீங்கள் எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று உன் அண்ணனைக் கேட்டேன். "நான் வாசல்ல செருப்பைப் பார்த்துக்கறேன்" என்றார். ஜோக் அடித்தாராம். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பத்து முகம் தெரிகிறது என்றாய். சரி. அந்தக் கையும் அவற்றோடு இருக்கட்டும்.

அண்ணி

—

டிசம்பர் 6

அண்ணி,

கையெழுத்துப் போடுவதும் போடாததும் என் பாடு. நீங்கள் எனக்கு வழி காட்ட வேண்டாம், சபிக்கவும் வேண்டாம், கால் நடுங்கியதை எழுதி உருக்கவும் வேண்டாம்.

இந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவையாவது "உனக்கு என்ன ஆகும், சிட்டு?" என்று கேட்டிருக்கிறீர்களா? நான் உங்களுக்கு எப்போதும் ஒரு மாடி மேலே உட்கார்ந்திருக்கும் எதிரி.

வழக்கு முடியும் வரை எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

சிட்டு

—

பிப்ரவரி 21

சிட்டு,

வழக்கு முடிந்துவிட்டது. எழுதலாம்.

சாட்சி சொல்ல நிற்கிறவளுக்குத் தன் முகம் தெரியாது. அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். அன்றைக்கு நான் பேசி முடித்து, நினைத்தபடியே மவுஸ் கதையைச் சொல்லி என்னைச் சிரிப்புக்கிடமாக்கி உட்கார வைத்திருந்தார்கள். உங்கள் நிறுவனத்து வக்கீல் உறுதிமொழியைக் கொடுக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கைப்பையைத் துழாவிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அந்த அம்மாவின் வக்கீல் எழுந்து உன்னை அழைத்தார். கதவைத் திறந்துகொண்டு நீ வந்தாய். இளைத்திருந்தாய். என் பக்கம் திரும்பவே இல்லை.

நீதிபதி கேட்டார், "அப்படின்னா திரையில இருக்கிற இந்த எண் எதைக் காட்டுது?"

"கடைசியா வந்த அன்னிக்கு எவ்வளவு இருந்ததுங்கறதை மட்டும் காட்டுதுங்க. அதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்ததுன்னு இதை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது. அதிகமா இருந்ததில்லைன்னும் சொல்ல முடியாது. புது எண் வந்தா பழசு போயிடும். அப்படிக் கட்டினது நாங்கதான்."

"பழசை வெக்கணும்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க. ஆவணப் பிரிவு மேலாளர் எழுதியே கொடுத்தாங்க. அவங்களை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடலை."

உங்கள் நிறுவனத்து வக்கீல் துள்ளி எழுந்தார். "அந்த மேலாளர் உங்களுக்கு உறவா?"

"ஆமா. என் அண்ணி."

"அதனாலதான் இப்படி அவங்களுக்குச் சாதகமா பேசறீங்களா?"

"சார், எங்க ரெண்டு பேருக்கும் மே மாசத்துலருந்து நேர்ல பேச்சே கிடையாது. வாசல்ல எங்க அண்ணன் நிக்கிறார், வேணும்னா கேட்டுப் பாருங்க."

அறையே சிரித்தது. நீதிபதிகூட மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நீ சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நீ இறங்கி நேராக வெளியே போய்விட்டாய். உன் அண்ணன் தெரு முனை வரை பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட்டாராம். பஸ் ஏறிவிட்டாயாம்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஆவணத்தைத் தொலைத்தது வாரியம், அது தொலைந்ததை வைத்தே தொழிலாளியைப் பொய்யன் ஆக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வெளி டாக்டர்கள் மூன்று பேரை வைத்துப் பரிசோதித்தார்கள். எலும்பு வரை காரீயம். குடியில்லை என்று தீர்ப்பில் தனியாக ஒரு வரி எழுதச் சொல்லி அந்த அம்மா அடம்பிடித்தார். எழுதினார்கள். அவர் வாய்விட்டு அழுதது அப்போதுதான். வைத்தியச் செலவும் மாதா மாதம் உதவித்தொகையும் தொழிற்சாலை தர வேண்டும். கை திரும்புமா என்று கேட்டேன். கொஞ்சம் திரும்பலாம் என்கிறார்கள்.

சந்தோஷப்படாதே. பேக்கிங்குக்கு மாற்றிய மற்றவர்கள் ஒவ்வொருவராக இதே படியேற வேண்டும், கையில் ஓர் எண்கூட இல்லாமல். இயக்குநருக்கு வேறு ஊரில் பெரிய பதவி கிடைத்திருக்கிறது. எனக்குக் குடோன். பென்சில் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவே இல்லை என்று எழுதியிருந்தாய். உன் அண்ணன் சொல்லித்தான் வேலை போனது தெரிந்தது. நன்றி சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியதைத்தான் செய்தாய், அதுவும் ஒரு வருஷம் தாமதமாக. ஆனால் நீ நின்ற அந்தக் கொஞ்ச நேரம் என் நெஞ்சு அடித்த அடியை எந்தக் கணினியிலும் ஏற்ற முடியாது.

உனக்கு என்ன ஆயிற்று, சிட்டு?

அண்ணி

—

ஏப்ரல் 14

அண்ணி,

கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்ற அன்றே மேஜையைக் காலி செய்யச் சொன்னார்கள். என்னோடு டீமில் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். நிறைமாதக்காரி தப்பித்தாள். வேலை போன இருவரில் ஒருவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. உங்கள் வழக்கில் நீங்கள் ஜெயித்தீர்கள், நான் அவனை இழந்தேன். இதற்கு உங்கள் மேல் கோபம் வருகிறது. நியாயமில்லை என்று தெரிந்தும் வருகிறது. இன்னும் கொஞ்ச நாள் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். பழைய பதவி இல்லை. போன வாரம் ஒரு பிரசவ மருத்துவமனைக்குப் புது மென்பொருள் பேசப் போனோம். முதல் கூட்டம். பெரிய டாக்டர், கணக்கு அதிகாரி, நிர்வாகி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பிஸ்கட் தட்டு வந்தது. என் புது மேலாளர் படம் காட்ட ஆரம்பித்தார். நான் இடையில் எழுந்து, "உங்க ரெக்கார்டு செக்ஷனைப் பார்த்துக்கறது யாருங்க?" என்று கேட்டேன்.

"அந்தம்மா கீழ பேஸ்மெண்ட்ல இருக்காங்க. கடைசியில கூப்பிட்டுக்கலாம்" என்றார் நிர்வாகி.

அண்ணி, உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கத்திவிடுவேன் என்று பயந்தேன். "நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் படத்தை நிறுத்தி வைங்க" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் இறங்கிவிட்டேன். என் மேலாளர் முகம் போன போக்கைப் பார்க்கவில்லை.

கீழே ஒரு அம்மா. உங்களைவிட உயரம். என் கழுத்தில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து நான் கம்ப்யூட்டர் ஆள் என்று தெரிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அறையைக் காலி பண்ணச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "இங்கிருந்து ஒரு தாளைத் தொட்டுப் பாரு" என்று ஆரம்பித்தார். போன தடவை வந்தவர்கள், அதற்கு முந்தைய தடவை வந்தவர்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்காதது, பிறந்த குழந்தைகளின் பதிவில் அம்மா பெயருக்கு இடமில்லாமல் கட்டம் போட்டது, எல்லாம் வந்தது. எனக்கு முந்திய எல்லோருக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மூச்சு வாங்க நிறுத்தினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்ப எதுக்கு வந்தே?" என்று கேட்டார்.

"மேல கூட்டம் ஆரம்பிச்சுட்டாங்கம்மா. நீங்க இல்லாம ஆரம்பிக்க வேண்டாம்னு நிறுத்திட்டு வந்தேன்" என்றேன்.

அவர் நாற்காலியை உள்ளே தள்ளினார். மேஜை டிராயரைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தார். "லிஃப்ட் வேலை செய்யாது, மெதுவாத்தான் ஏறுவேன்" என்றார்.

மெதுவாகத்தான் ஏறினோம்.

சிட்டு